முதலாளி நாற்காலியில் ஒரு சட்டை

மாடம்பாக்கம் மெயின் ரோட்டில் 'பாலு மோட்டார்ஸ்' கடையின் ஷட்டரைக் காலையில் தூக்கியதும் ஹேமாவதி செய்கிற முதல் வேலை, சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றுவது என்று நீங்கள் நினைத்தால், அது இரண்டாவது வேலை. முதல் வேலை, கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் சுழல் நாற்காலியின் முதுகில் ஓர் ஆம்பளைச் சட்டையை மாட்டுவது. காலரை இழுத்து நேராக்குவாள். பையில் ஒரு பேனாவைச் செருகுவாள். இரண்டடி தள்ளி நின்று பார்ப்பாள். முதலாளி இப்போதுதான் எழுந்து உள்ளே போயிருக்கிறார் என்று பார்க்கிறவன் நம்ப வேண்டும். அப்படி அமைந்தால்தான் ஊதுபத்தி.

கடை வாசலில் பூக்கூடையோடு உட்கார்ந்திருக்கும் கிளியம்மாளுக்கு மட்டும் இந்தக் கூத்து தெரியும்.

"இன்னா ஹேமா, நேத்து மாட்டின அதே நீலக்கோடு சட்டையா? மாத்து, மாத்து. உங்க ஓனரு துணி தொவைக்கவே மாட்டாரான்னு ஜனம் பேசப் போவுது."

"ஐயே, மறந்தே பூட்டேன்க்கா!" என்று ஹேமாவதி ஓடிப் போய் பச்சைக் கட்டம் போட்ட சட்டையை எடுத்து வருவாள்.

எல்லாம் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பொறுக்கி எடுத்த பழைய சட்டைகள். வேண்டுமென்றே பெரிய அளவாகப் பார்த்து வாங்கியவை. போர்டில் பெயர் இருக்கும் பாலு அவள் புருஷன்தான்; ஒல்லிக்குச்சி மனிதர், ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். கடைப் பக்கம் சாப்பாடு கொடுக்க வருவதோடு சரி. ஆனால் மோட்டார் கடை முதலாளி என்றால் ஆள் கொஞ்சம் வாட்டசாட்டமாக இருந்தால்தானே மதிப்பு?

இந்த வேஷம் அவளாக ஆசைப்பட்டுப் போட்டதில்லை. ஹேமாவதி கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே குரோம்பேட்டையில் ஒரு மோட்டார் கம்பெனியில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் பிரிவில் வேலை பார்த்தவள். அந்தப் பிரிவு முழுக்கப் பெண்கள்தான். "பொண்ணுங்க கைதாம்மா இதுக்கு லாயக்கு" என்று சூப்பர்வைசரே வாய் நிறையச் சொல்வார். அந்தக் கையை நம்பித்தான் அவள் கடை போட்டாள். 'ஹேமாவதி மோட்டார்ஸ்' என்று போர்டும் வைத்தாள். வந்தவர்கள் யார் தெரியுமா? புடவைக்கு ஃபால்ஸ் கிடைக்குமா என்று ஒரு அம்மா. ஐப்ரோ எடுப்பீங்களா என்று இரண்டு காலேஜ் பெண்கள். ஒருவர் மட்டும் நிஜமாகவே எரிந்துபோன மோட்டாரோடு வந்தார். கடைக்குள் எட்டிப் பார்த்தார். "வேற யாரும் இல்லியாம்மா?" என்றார். இல்லை என்றதும் மோட்டாரை மறுபடி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

சம்பளத்துக்குச் சுற்றினால் அது பெண்கள் வேலை. சொந்தக் கடை போட்டுச் சுற்றினால் ஆம்பளை வேலை. இந்த நியாயத்தை எந்தக் கோர்ட்டில் எழுதினார்களோ! அன்றைக்குக் கழற்றிய போர்டுதான். புருஷன் பெயர் மேலே ஏறியது, சட்டை நாற்காலியில் ஏறியது, கடை ஓட ஆரம்பித்தது.

அன்றைக்கும் அப்படித்தான், ஊதுபத்தி பாதி எரிவதற்குள் ஆட்டோவில் ஒரு மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கினார் ஸ்ரீநிவாசராகவன். நெற்றியில் மெலிதாக ஒரு கோடு, கையில் துணிப்பை. அவரை அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். கோயில் பக்கத்துக் காலனியில் 'ரமா மாமி பொடி வகைகள்' என்று வீட்டிலேயே வியாபாரம் நடக்கிறதே, அந்த ரமா மாமியின் கணவர்.

"ஏம்மா, ஓனர் இல்லையோ?"

"இப்பதான் உள்ள போனாரு சார். இன்னா மோட்டாரு?"

"பொடி அரைக்கற மெஷினோடது. கருகின வாசனை வந்தது, நின்னுடுத்து. கீழ்க்கட்டளையில ஒரு சீமந்தத்துக்குப் பொடி கேட்டிருக்கா, நான் தவிச்சுண்டிருக்கேன்."

ஹேமாவதி குனிந்து முகர்ந்து பார்த்தாள். மோட்டாரின் நடுத்தண்டைக் கையால் சுற்றிப் பார்த்தாள். "காயில் போயிட்ச்சு சார். பேரிங்கும் இறுகிகினு கீது. நாளன்னிக்கு சாயங்காலம் தந்துடலாம்."

ஸ்ரீநிவாசராகவன் அவளைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் தொங்கிய சட்டையைப் பார்த்தார். சட்டை மேல்தான் அவருக்கு நம்பிக்கை வந்தது.

"நீ சொல்றது சரிதாம்மா. இருந்தாலும் அவரையே ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லிடேன். செய்யறவர் சொன்னா ஒரு திருப்தி."

"கேட்டுகினு வரேன் சார்."

பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் போனாள். அங்கே ஒரு ஸ்டூல், பழைய காயில் குப்பை, ஒரு தண்ணீர் பாட்டில். வேறு ஒருவரும் கிடையாது. பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாள். "ம்... ம்... சரிண்ணே" என்று இரண்டு வார்த்தை வெளியே கேட்கிற மாதிரி சொன்னாள். வாயைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணன் சொல்றாரு, காயில் போயிட்ச்சாம், பேரிங்கும் இறுகிகினு கீதாம். நாளன்னிக்கு சாயங்காலம் தந்துடலாமாம்."

ஸ்ரீநிவாசராகவன் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படிச் சொல்லு! அனுபவஸ்தர்னா அனுபவஸ்தர்தான். மோட்டாரைப் பாக்காமலேயே சொல்லிட்டாரே!"

வாசலில் கிளியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அவர் ஆட்டோ ஏறிப் போனதும் ஹேமாவதிக்கும் சிரிப்பு வந்தது. கூடவே வேறொன்றும் வந்தது. கோபம்தான். யாரிடம் போய்க் கோபித்துக்கொள்வது? பச்சைக் கட்டம் போட்ட சட்டையிடமா?

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. பம்பு செட் கம்பெனியின் விற்பனை அதிகாரி எட்மண்ட். மாடம்பாக்கத்திலிருந்து ராஜகீழ்ப்பாக்கம் வரைக்கும் தங்கள் கம்பெனி மோட்டார்களை விற்க ஒரு டீலரைத் தேடிக்கொண்டிருக்கிறார். கொஞ்ச காலமாகவே ஹேமாவதியோடுதான் பேசி வருகிறார். அவரைப் பொறுத்தவரை அவள் கடை ஸ்டாஃப்.

"வெள்ளிக்கிழமை நேர்ல வரேன் மேடம். பாலு சாரைக் கட்டாயம் இருக்கச் சொல்லுங்க. ஓனரைப் பார்த்துப் பேசாம டீலர்ஷிப் முடிவு பண்ண முடியாது. கேம்ப் ரோட்ல தேவானந்தம்னு ஒருத்தரும் கேட்டிருக்கார்."

போனை வைத்த ஹேமாவதி கணக்குப் போட்டுப் பார்த்தாள். தேவானந்தம் பெரிய ஹார்டுவேர்க்காரர். டீலர்ஷிப் அவருக்குப் போனால் புது மோட்டார் விற்கிற இடத்திலேயே ரிப்பேரையும் ஆரம்பித்துவிடுவார். அப்புறம் பழைய மோட்டாருக்குக் காயில் கட்ட இந்தக் கடைக்கு யார் வருவார்கள்? கிடைத்தால் கடை வளரும். கிடைக்காவிட்டால் மெல்ல மெல்ல ஷட்டரை இறக்கிவிட்டு, மறுபடியும் யாரோ ஒருவரின் கம்பெனியில் சம்பளத்துக்குச் சுற்றப் போக வேண்டியதுதான்.

ஆகவே அன்று மாலையே வீட்டில் பயிற்சி வகுப்பு ஆரம்பமாயிற்று. மாணவர் பாலு. வேன் சவாரி முடிந்து களைத்து வந்த மனிதரைப் பிடித்து உட்கார வைத்தாள் ஹேமாவதி.

"யோவ், நல்லா கேட்டுக்க. ஒரு கஸ்டமர் வந்து, மேல டேங்குக்குத் தண்ணி மெதுவா ஏறுதுன்னு சொல்றாரு. நீ இன்னா கேப்ப?"

பாலு யோசித்தார். "ஏன் மெதுவா ஏறுதுன்னு கேப்பேன்."

"அத்தத்தான்யா அவரு உன்ன கேக்குறாரு!"

"அப்ப, உன்ன கேட்டு சொல்றேன்னு சொல்வேன்."

"நாசமாப் போச்சு!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

பாலு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "ஹேமா, நான் வேன் ஓட்றவன்மே. ஸ்டியரிங் புடிச்சா நான் ராஜா. மோட்டார் முன்னால உக்காந்தா எனக்கு வேர்த்து ஊத்துது. பேசாம நீயே உக்காந்துடேன்."

"பொம்பளன்னு தெரிஞ்சா குட்ப்பாங்களா? மொதல்ல எம்பேரு போட்டு போர்டு வெச்சப்போ இன்னா ஆச்சுன்னு பாத்தீல்ல?"

பார்த்தவர்தான். அந்தப் போர்டைக் கழற்றி வீட்டுக்குத் தூக்கி வந்தவரே அவர்தான். அன்றைக்கு அவள் அழாமல் இருந்ததைப் பார்த்து அவர்தான் அழுதார். அதனால் மேற்கொண்டு பேசாமல், "சரி, மறுபடி கேளு. தண்ணி மெதுவா ஏறுது..." என்றார்.

வியாழக்கிழமை மாலை, கட்டி முடித்த மோட்டாரைப் பக்கத்து ஸ்டாண்டு ஆட்டோவில் ஏற்றி, பின்னாலேயே தன் ஸ்கூட்டரில் ஸ்ரீநிவாசராகவன் வீட்டுக்குப் போனாள் ஹேமாவதி. கேட்டிலேயே பெருங்காயமும் வறுத்த பருப்பும் மணத்தன. சுவரில் போர்டு. அதிலிருந்த படத்தில் மடிசார் கட்டிய ஒரு மாமி கையில் கரண்டியோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஓனர் வரலையாம்மா?" என்று கேட்டபடி ஸ்ரீநிவாசராகவன் கதவைத் திறந்தார்.

"அண்ணன் வேற எடத்துக்குப் போயிகீறாரு சார். அவரு கட்டி குட்த்துட்டாரு, மாட்டிட்டு வரச் சொன்னாரு."

பின்கட்டில் மெஷினில் மோட்டாரை மாட்டி ஓட விட்டாள். சீராக ஓடியது. ஸ்ரீநிவாசராகவன் ஒரு கை மிளகாயைப் போட்டுப் பார்த்து, "பேஷ், ஓனர்கிட்டச் சொல்லு" என்றார். சொல்கிறேன் என்று தலையாட்டினாள்.

கிளம்பும்போது அவளுக்கு ஒரு யோசனை. நாளைக்கு எட்மண்ட் வருகிறார். மதியம் அவருக்கு இட்லியாவது கொடுக்க வேண்டும். "சார், நல்லதா ஒரு இட்லிப் பொடி வேணும். கடைக்குப் பெரிய ஆளு ஒருத்தரு வராரு."

"எள்ளு போட்டது இருக்கு. இப்பத்தான் நான்..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்தி, "மாமி வறுத்து வெச்சிருக்கா" என்றார்.

"எள்ளு கசக்காதா சார்?"

"கசக்கவே கசக்காது. எள்ளு பொரிய ஆரம்பிச்சதும் எறக்கிடணும். இன்னும் செத்த நேரம்னு வாணலியிலேயே விட்டா போச்சு, கசப்பு ஏறிடும்."

ஹேமாவதி சிரித்தாள். "நீங்க சொன்னா எப்படி சார்? ஆம்பளைங்களுக்கு சமையல்ல இன்னா தெரியும்? மாமியையே ஒரு வார்த்தை கேட்டு சொல்லிடுங்க. செய்யறவங்க சொன்னாத்தான் ஒரு திருப்தி."

ஸ்ரீநிவாசராகவன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு பெருமூச்சு விட்டு, "இரு, கேட்டுண்டு வரேன்" என்று சமையலறைக்குள் போனார். உள்ளே டம்ளர் சத்தம் கேட்டது. "ம்... ம்... சரி ரமா" என்று அவர் குரல் கேட்டது. மேல்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"மாமி சொல்றா, கசக்கவே கசக்காதாம். பொரிய ஆரம்பிச்சதும் எறக்கிட்டாளாம்."

ஹேமாவதி அவர் மோவாயைப் பார்த்தாள். ஒரு சொட்டுத் தண்ணீர் இன்னும் துடைபடாமல் நின்றது. இந்தத் தண்ணீரை, இந்த 'ம்... ம்...' என்பதை எங்கேயோ பார்த்த, கேட்ட மாதிரி இருக்கிறதே என்று அவள் யோசிப்பதற்குள் வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. சுடிதாரும் ஹெல்மெட்டும் கழுத்தில் பேங்க் அடையாள அட்டையுமாக ஓர் அம்மாள் உள்ளே வந்தாள்.

"ஏன்னா, மெஷின் ரெடி ஆயிடுத்தா? இன்னிக்கு பேங்க்ல ஒரே கூட்டம், தலையை வலிக்கறது."

ஹேமாவதி திரும்பிப் பார்த்தாள். "இவங்க யாரு சார்?"

ஸ்ரீநிவாசராகவன் தரையைப் பார்த்தார். வந்தவளே பதில் சொன்னாள். "நான்தான் ரமா. வெளியில படத்துல சிரிக்கறேனே, அது நான்தானாம். எனக்கு மடிசாரும் கட்ட வராது, பொடியும் பண்ண வராது."

"அப்போ... உள்ள கீற மாமி?"

"உள்ளே யாரும் இல்லைம்மா" என்றார் ஸ்ரீநிவாசராகவன் ஈனஸ்வரத்தில். "தண்ணி குடிச்சுட்டு வந்தேன்."

ஹேமாவதிக்கு அப்படி ஒரு சிரிப்பு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "சார், எங்க ஓனரும் உள்ள தண்ணி குடிச்சிகினுதான் கீறாரு சார்!"

"என்னது? அன்னிக்கு மோட்டாரைப் பாக்காமலேயே சொன்னாரே, அந்த அனுபவஸ்தர்...?"

"பல்லாவரம் சந்தையில வாங்கின சட்டை சார் அது."

ரமாவுக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் ஹெல்மெட்டைக்கூடக் கீழே வைக்காமல் சோபாவில் விழுந்து சிரித்தாள். "ரெண்டு பேருமா இல்லாத ஆளை உள்ள உக்கார வெச்சு வியாபாரம் பண்ணிண்டிருக்கேளா!"

சிரிப்பெல்லாம் அடங்கியதும் ஸ்ரீநிவாசராகவன் தன் கதையைச் சொன்னார். வேலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு வாங்கியவர். சமையல் அவருக்குப் பிராணன். முதலில் பாக்கெட்டில் தன் பெயரைத்தான் போட்டார். அபார்ட்மென்ட் பெண்கள் கையில் எடுப்பார்கள், பெயரைப் படிப்பார்கள், 'ஆம்பளை அரைச்சதா?' என்று திரும்ப வைத்துவிடுவார்கள்.

"கல்யாணத்துல ஊருக்கே சமைக்கறவர் ஆம்பளை. அங்க ஒருத்தரும் 'மாமி எங்கே'ன்னு கேக்கறதில்லை. பாக்கெட்ல போட்டு வித்தா மட்டும் மாமி கை வேணுமாம்" என்றார். குரலில் நிஜமான வலி இருந்தது.

"எங்க வாசல்ல பூ விக்கிற அக்கா சொல்லும் சார், மார்க்கெட்ல மூட்டையா வித்தா அது ஆம்பள யாவாரமாம், தெருவுல மொழம் போட்டு வித்தா பொம்பள யாவாரமாம். பூ ஒண்ணுதானே?" என்றாள் ஹேமாவதி.

ரமா பேங்கில் கடன் பிரிவில் இருப்பவள். மனிதர்களை நேராகப் பார்த்துக் கேள்வி கேட்டுப் பழகியவள். "அதெல்லாம் சரி. இப்போதான் தெரிஞ்சுடுத்தே, இது இவர் பண்ணின பொடின்னு. வேணுமா, வேண்டாமா?"

ஹேமாவதி வாயைத் திறந்தாள். நாளைக்கு முக்கியமான ஆள் வருகிறார், ஆம்பளை வறுத்த எள்ளு, ஒருவேளை கசந்துவிட்டால் என்று மனசு ஒரு நொடி பின்வாங்கியது. ஒரே ஒரு நொடிதான். ஆனால் அந்த நொடி அவளுக்கு நன்றாகத் தெரிந்த நொடி. 'வேற யாரும் இல்லியாம்மா' என்று கேட்டவரின் முகத்தில் அவள் பார்த்தது இதைத்தான். அது தன் முகத்திலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்ததும் அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"குடுங்க சார்" என்றாள். அங்கேயே பாக்கெட்டைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டி வாயில் போட்டாள். எள்ளு மணத்தது. கசப்பு மருந்துக்குக்கூட இல்லை. "மன்னிச்சிக்குங்க சார்" என்றாள்.

ஸ்ரீநிவாசராகவன், "நானும்தாம்மா" என்றார்.

வெள்ளிக்கிழமை. பாலு சந்தைச் சட்டையைப் போட்டுக்கொண்டு சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டையின் தோள் முழங்கை வரை தொங்கியது. கிளியம்மாள் எட்டிப் பார்த்து, "இன்னா பாலு, சட்டைக்குள்ள நீ எந்தப் பக்கம் கீற?" என்று கேட்டுவிட்டுப் போனாள். ஹேமாவதி தடுப்புக்குப் பின்னால் ஸ்டூலில் இருந்தாள். இரவெல்லாம் யோசித்தும் அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. டீலர்ஷிப் போனால் கடை போய்விடும் என்ற பயம்தான் ஜெயித்தது.

எட்மண்ட் வந்தார். கை குலுக்கினார். ஸ்டாஃப் எங்கே என்று கேட்டார். உள்ளே வேலையாக இருப்பதாகச் சொன்னார் பாலு. அதுவரைக்கும் நன்றாகத்தான் போயிற்று.

"பாலு சார், உங்க ஏரியாவுல எந்த மாடல் அதிகமாப் போகும்னு நினைக்கறீங்க?"

"நல்ல மாடல்தான் சார் போவும்."

"சரி... சர்வீஸுக்கு வர்ற மோட்டார்ல பெரும்பாலும் என்ன கம்ப்ளைன்ட்?"

"ஓடலன்றதுதான் சார் கம்ப்ளைன்ட்டு."

எட்மண்ட் பேனாவை மூடினார். பாலுவுக்கு வியர்த்துக் கொட்டியது. "ஒரு நிமிஷம் சார், கேட்டுகினு வரேன்" என்று எழுந்து தடுப்புக்குப் பின்னால் ஓடினார்.

"ஹேமா, இன்னாமே சொல்றது? அந்த ஆளு மூஞ்சே மாறிப்போச்சு!"

ஹேமாவதியின் கையில், பழக்க தோஷம், தண்ணீர் பாட்டில் இருந்தது. அவள் புருஷனைப் பார்த்தாள். பெரிய சட்டைக்குள் அந்த நல்ல மனிதர் நடுங்கிக்கொண்டிருந்தார். உள்ளே இல்லாத மாமியின் நினைவு வந்தது. ரமா நேராகப் பார்த்துக் கேட்ட கேள்வி நினைவு வந்தது. எத்தனை நாளைக்கு இப்படித் தண்ணீர் குடித்துக்கொண்டே காலம் தள்ளுவது?

பாட்டிலை பாலு கையில் கொடுத்தாள். "நீ குடி. நான் போறேன்."

வெளியே வந்து எட்மண்ட் எதிரில் நின்றாள். "சார், போன்ல பேசுற ஹேமாவதி நான்தான். ஸ்டாஃப் இல்ல. கடை என்துதான். காயில் கட்றதும் நான்தான். இவரு என் வூட்டுக்காரர், ஸ்கூல் வேன் ஓட்றாரு. மறைச்சது என் தப்பு சார்."

எட்மண்ட் திகைத்துப் போனார். தடுப்பருகே பாட்டிலோடு நின்ற பாலுவைப் பார்த்தார். "மேடம், நீங்க நல்லாப் பேசுவீங்க, தெரியும். ஆனா இந்த லைன்ல லேடீஸ்... கஸ்டமர் ஏத்துக்கணுமே..." என்று இழுத்தார்.

மறுபடியும் அதே நொடி. ஹேமாவதிக்கு இந்தத் தடவை கோபம் வரவில்லை.

"தயங்குறீங்க. நேத்து நானும் இப்படித்தான் சார் தயங்கினேன். ஆம்பள அரைச்ச இட்லிப் பொடின்னு. அப்பால சாப்ட்டு பாத்தேன், சூப்பரா கீது. முடிவ அப்பால சொல்லுங்க, மொதல்ல நீங்களும் சாப்டுங்க."

இட்லி டப்பாவைத் திறந்து, பொடியைத் தூவி நீட்டினாள். எட்மண்டுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் பசி இருந்தது, பொடி மணம் ஆளை இழுத்தது. கடையில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து அவர் இட்லியைப் பிட்டு வாயில் போட்ட நேரம், உமேஷ் என்று ஓர் அபார்ட்மென்ட் மேனேஜர் அவசரமாக உள்ளே நுழைந்தார். ஹேமாவதியைத் தாண்டி நேராக நாற்காலிக்குப் போனார்.

"ஓனர் சார், எங்க போர்வெல் மோட்டார் ஸ்டார்ட் ஆகி ஆகி நிக்குது. என்னன்னு பாருங்க சார், தண்ணியில்லாம பொம்பளைங்க எல்லாம் சத்தம் போடறாங்க."

"நான் ஓனர் இல்லைங்க" என்றார் எட்மண்ட் வாயில் இட்லியோடு.

"பரவாயில்ல சார், நீங்களே சொல்லுங்க."

எட்மண்ட் மென்று விழுங்கினார். அவர் யாரென்றே இந்த ஆளுக்குத் தெரியாது. மோட்டார் விற்பாரே தவிர, ஒரு ஸ்குரூவைக்கூட அவர் கழற்றியது கிடையாது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், பேன்ட் போட்டிருக்கிறார், அவ்வளவுதான் தகுதி. எதிரே நிற்கிறவளை இந்த மனிதர் கண் பார்க்கவே இல்லை.

"எனக்கு ரிப்பேர் தெரியாதுங்க. இதோ நிக்கறாங்களே, இவங்கதான் ஓனர். இவங்ககிட்டச் சொல்லுங்க" என்றார். 'இவங்கதான் ஓனர்' என்று வேறொருவர் வாயிலிருந்து அந்தக் கடையில் கேட்டது அதுதான் முதல் தடவை. தடுப்பருகே பாலு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

உமேஷ் சங்கடப்பட்டார்தான். ஆனாலும் வேறு வழியில்லாமல் ஹேமாவதி பக்கம் திரும்பிச் சொன்னார், அவள் கேட்டதற்குப் பதில் சொன்னார், "சரி மேடம், சாயங்காலம் ஆள் வெச்சு மோட்டாரை வெளியில எடுத்து வெக்கறேன்" என்று போனார்.

எட்மண்ட் கை கழுவிக்கொண்டு வந்தார். "மேடம், எனக்குச் சந்தேகம் வந்தப்பல்லாம் போன்ல நீங்கதான் பதில் சொன்னீங்க. ஸ்டாஃபுன்னு நினைச்ச வரைக்கும் முழுசா நம்பினேன். ஓனர்னு சொன்னதும் யோசிக்கறேன். நீங்க மாறல, நான்தான் மாறிட்டேன். வெக்கமா இருக்கு." கை நீட்டினார். "டீலர்ஷிப் உங்களுக்குத்தான். போர்டை மட்டும் மாத்திடுங்க. அப்புறம், அந்தப் பொடி எங்க கிடைக்கும்?"

போர்டு மாறியது. பரணில் கிடந்த பழைய 'ஹேமாவதி மோட்டார்ஸ்' போர்டைப் பாலுவே துடைத்து, ஏணி போட்டு ஏறி மாட்டினார். கோயில் பக்கத்துக் காலனியிலும் மடிசார் மாமி இறங்கிவிட்டாள். இப்போது பொடிப் பாக்கெட்டின் மேல் கண்ணாடி போட்ட ஸ்ரீநிவாசராகவன் கரண்டியோடு சிரிக்கிறார். மறுநாளே எல்லாம் தலைகீழாக மாறிவிட்டது என்று சொன்னால் பொய். போர்டைப் படித்துவிட்டு அப்படியே வண்டியைத் திருப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் திரும்ப வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு தடவை வந்தவர்கள் மறுபடி வருகிறார்கள்.

போன வாரம் சேலையூரிலிருந்து ஒரு பெரியவர் வண்டியில் மோட்டாரோடு வந்தார். கடைக்குள் பார்த்தார். ஹேமாவதி கிரீஸ் கையை ஒரு துணியில் துடைத்துக்கொண்டிருந்தாள். நன்றாகப் பார்த்தால் அது பச்சைக் கட்டம் போட்ட சட்டை என்று தெரியும்.

"ஓனர் இல்லியாம்மா?"

"நான்தான் சார்."

"இல்ல... ஆம்பளைங்க யாராவது..." என்று இழுத்தார் பெரியவர். வண்டியை விட்டு அவர் இறங்கவில்லை.

ஹேமாவதி சிரித்தாள். "சார், நானும் ஒரு காலத்துல உங்கள மாதிரிதான். ஆம்பள அரைச்ச பொடிய வாங்க யோசிச்சவதான். ஒண்ணு சொல்றேன் கேளுங்க. கடையில ஒக்காந்து கீறது ஆம்பளையா பொம்பளையான்னு பாக்காதீங்க. வேலை சுத்தமா கீதா, சாமான் நல்லா கீதான்னு பாருங்க. புடிக்கலன்னா தாராளமா வேற கடைக்குப் போங்க, எனக்குக் கோவமே இல்ல. ஆனா வேலையப் பாக்காம ஆளப் பாத்து மட்டும் திரும்பாதீங்க சார்."

"நல்லா சொன்ன ஹேமா!" என்று வாசலிலிருந்து குரல் கொடுத்தாள் கிளியம்மாள்.

பெரியவர் அவள் கிரீஸ் கையைப் பார்த்தார். பிறகு வண்டியை ஸ்டாண்டு போட்டார். "ஒரு கை பிடிம்மா, கனமா இருக்கு" என்றார்.